மச்சில் கிடந்த துப்பாக்கிக்கு மதிப்பு என்ன?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. பரளச்சியும் அதில் சேர்ந்ததுதான். மழை பெய்தால் சோளம், கம்பு, பருத்தி, மிளகாய். பெய்யாவிட்டால் சீமைக் கருவேலை வெட்டிக் கரி மூட்டம் போட வேண்டியது. இந்தப் பக்கத்து ஊர்களில் பழைய காரை வீடு ஒன்றைப் பிரிக்கிறார்கள் என்றால் தெருவே வேடிக்கை பார்க்க நின்றுவிடும். மச்சிலிருந்து என்னென்ன இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? ஓட்டைக் குதிர் இறங்கும். செல்லரித்த கடன் பத்திரங்கள் இறங்கும். எந்தக் கல்யாணத்துக்கோ வாங்கிய பித்தளை அண்டா இறங்கும்.

அப்படி ஒரு வீட்டில், கோணிச் சாக்கில் சுற்றி, பனைநார்க் கயிற்றால் கட்டிய நீளமான சாமான் ஒன்று இறங்கியதாக வைத்துக் கொள்வோம். அவிழ்த்துப் பார்த்தால் துப்பாக்கி! ஆள் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. இரும்பெல்லாம் பழுப்பேறியிருக்கிறது. கட்டையில் ஒரு வெடிப்பு. குதிரை மட்டும் அப்படியே நிமிர்ந்து நிற்கிறது.

"அது உங்க பாட்டனாரு துப்பாக்கி. வெள்ளாமையிலே பன்னி விழுந்தா வெரட்டறதுக்கு வச்சிருந்தாரு. கை வைக்காதீங்கப்பா, குழலுக்குள்ளே மருந்து கெட்டிச்சபடியே இருந்தாலும் இருக்கும்" என்கிறார் திண்ணையிலிருந்த அப்பத்தா.

அப்பத்தா சொன்னதுதான் அந்த வீட்டில் அன்றைக்குப் பேசப்பட்ட பேச்சுக்களிலேயே புத்தியுள்ள பேச்சு. ஆனால் அதை யார் கேட்கிறார்கள்? பேரப் பிள்ளை அதற்குள் கைபேசியில் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டான். பொழுது சாய்வதற்குள் இரண்டு பேர் விலை சொல்லிவிடுகிறார்கள். ஒருவர் பழைய இரும்புக் கடைக்காரர். தராசைப் பார்த்து விலை சொல்கிறார். மற்றவர் வெள்ளை வேட்டித் தரகர். "வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் அண்ணாச்சி, சீமையிலே கோடிக்குப் போகும். சோதனைச் செலவுக்கு மட்டும் ஐம்பதாயிரம் முன்னாலே கட்டுங்க" என்கிறார்.

ஒருவர் எடைக்கு எடை என்கிறார். மற்றவர் கோடி என்கிறார். இரண்டுமே தப்பு. அப்படியானால் சரியான மதிப்பு எது? அதைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. உலகமெங்கும் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் அந்த முறைப்படிதான் பார்க்கிறார்கள். அதில் பாதி இரும்பைப் பற்றியது. பாதி காகிதத்தைப் பற்றியது.

தஞ்சாவூரில் நடந்த கூத்து

இரும்புக் கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சர்க்காரே அந்தக் காரியத்தைச் செய்திருக்கிறது. 1855-ல் தஞ்சை மராட்டிய அரசர் சிவாஜி ஆண் வாரிசின்றிக் காலமானதும் கும்பினியார் அந்த ராஜ்யத்தை எடுத்துக் கொண்டார்கள். அரண்மனை ஆயுதசாலையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த வாள்கள், கட்டாரிகள், துப்பாக்கிகள் எல்லாம் மலைபோல் குவிந்தன. 1860-களில் அவற்றிலிருந்து சென்னை மியூசியத்துக்கென்று ஒரு பகுதியைப் பொறுக்கி எடுத்தார்கள். மீதி? உடைத்துப் பழைய இரும்பாகத் தள்ளிவிட்டார்கள்! வால்ஹவுஸ் என்ற சென்னை சிவில் சர்வீஸ் உத்தியோகஸ்தர் இந்தக் கதையை வருத்தத்தோடு எழுதி வைத்திருக்கிறார்.

பொறுக்கி எடுத்தவை இன்று எழும்பூர் மியூசியத்தின் பெருமை. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து ஒவ்வொன்றாக அளந்து நூல் எழுதுகிறார்கள். உடைபட்டவையும் அதே பட்டறைகளில் அடித்தவையாகத்தான் இருந்திருக்கும். அவை எந்த ஊரில் கடப்பாரையாகவும் கலப்பைக் கொழுவாகவும் போயினவோ!

ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் பழைய துப்பாக்கி அபூர்வமாக இருப்பதற்குக் காரணமும் உண்டு. 1799-ல் மயிலப்பன் சேர்வை முதுகுளத்தூர், கமுதி, அபிராமம் பக்கம் கும்பினியாரை எதிர்த்துக் கிளம்பினார். அதே வருஷம் அக்டோபர் 16-ந் தேதி கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-ல் ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் முடிந்தார்கள். அந்த டிசம்பர் முதல் தேதியே சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார்: பாளையக்காரர் சீமையில் இனி ஆயுதம் கூடாது. கோட்டைகள் இடிபட்டன; ஈட்டியும் துப்பாக்கியும் வாரிக் கொள்ளப்பட்டன. ஆகவே 1801-க்கு முந்திய, இந்த மண்ணிலேயே புழங்கிய துப்பாக்கி என்று ருசுவோடு ஒன்று கிடைத்தால் அதற்கு மதிப்பே தனி. "ருசுவோடு" என்ற சொல்லை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. கட்டபொம்மன் தொட்ட துப்பாக்கி என்று வாயால் சொல்வதற்கு ஒரு காசும் ஆகாது.

பக்கத் தகட்டில் எழுதியிருப்பது

சரி, பரளச்சி மச்சிலிருந்து இறங்கியது என்ன ஜாதி? முதலில் அதைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

மருந்துக்கு நெருப்பு எப்படிப் பிடிக்கிறது என்பதே முதல் அடையாளம். எரியும் திரியை வைத்துச் சுடுவது திரித் துப்பாக்கி; இது மிகப் பழசு. குதிரையின் வாயில் சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வ வைத்து, அது இரும்பில் மோதி எழும் பொறியால் சுடுவது அடுத்தது. திப்பு சுல்தானும் கும்பினிச் சிப்பாய்களும் பிடித்தது பெரும்பாலும் இந்தச் சக்கிமுக்கி ரகம். அதற்கடுத்து வந்தது கேப்பு. சிறு செப்புத் தொப்பி ஒன்றை முலைக்காம்பு போன்ற இரும்பில் மாட்டிவிட்டால், குதிரை அடித்ததும் அது வெடித்து மருந்தைப் பற்ற வைக்கும். இவை மூன்றுக்குமே மருந்தையும் குண்டையும் வாய் வழியாகத்தான் போட்டுக் கெட்டிக்க வேண்டும். பின்பக்கம் திறந்து தோட்டாவைச் செருகும் துப்பாக்கிகள் இங்கிலாந்துப் பட்டாளத்தில் பொதுவாக வழங்கியது 1866-க்குப் பிறகுதான்.

அடுத்தது குழலின் உட்புறம். வழுவழுப்பாக இருந்தால் அது வெறும் துப்பாக்கி. திருகு வரிகள் ஓடினால்தான் 'ரைபிள்'. அந்த வரிகள் குண்டைச் சுழற்றி அனுப்புவதால் அது நேராகத் தூரம் போகிறது.

பட்டாளத்து ரைபிள்களில் நம் நாட்டுச் சரித்திரத்தோடு சேர்ந்தது 1853-ம் வருஷத்து என்பீல்டு. அதன் குழல் 39 அங்குலம். மூன்று இரும்பு வளையங்களால் கட்டையோடு பிணைத்திருக்கும். உள்ளே மூன்று வரிகள். குழல் வாயின் விட்டம் அங்குலத்தில்.577. இதற்கு வந்த தோட்டாவில் கொழுப்புத் தடவியிருக்கிறது என்ற பேச்சுத்தான் 1857-ல் வடக்கே தீ மூட்டியது. அதற்கப்புறம் கும்பினிப் பட்டாளத்துக்கு ஞானம் பிறந்தது. இந்தியச் சிப்பாய் கையில் வரிகளைச் சுரண்டி எடுத்த வழுவழுப்புக் குழலைக் கொடுத்தார்கள். அவன் குறி தவறினாலும் பரவாயில்லை, நம்மை நோக்கிக் குறி வைக்காமலிருந்தால் சரி என்ற எண்ணம். ஆகவே பார்ப்பதற்கு என்பீல்டு போலவே இருந்து, உள்ளே வரி இல்லாத ஒன்று கிடைத்தால் அது 'மட்டம்' என்று ஒதுக்கக் கூடாது. அது ஒரு பயத்தின் அடையாளம். சேகரிப்பவர்கள் அதையும் தேடுகிறார்கள்.

குதிரை பொருத்தியிருக்கும் பக்கத் தகட்டில்தான் பாதி ஜாதகம் இருக்கிறது. கிரீடமும், 'வி. ஆர்.' என்ற விக்டோரியா ராணியின் முத்திரை எழுத்தும், 'டவர்' என்ற சொல்லும், வருஷமும் இருந்தால் பர்மிங்காம் அல்லது லண்டனில் காண்டிராக்டர்கள் செய்தது. 'என்பீல்டு' என்றிருந்தால் சர்க்கார் தொழிற்சாலைச் சரக்கு. இன்னும் பழசாக இருந்து, நாலாகப் பிளந்த இதயம் போன்ற சின்னமும் அதற்குள் நான்கு எழுத்துக்களும் தெரிந்தால் அது கிழக்கிந்தியக் கும்பினியின் முத்திரை. 1808 சுமாருக்குப் பிறகு இதயம் போய், பின்னங்காலில் நின்று கிரீடத்தைப் பிடித்த சிங்கம் வந்துவிட்டது. தகட்டில் இருப்பது இதயமா, சிங்கமா என்று பார்த்தாலே தலைமுறை தெரிந்துவிடும்.

பொய் முத்திரையும் உண்டு! வட மேற்கு எல்லையில் கைபர் கணவாய்ப் பக்கத்துக் கொல்லர்கள் அச்சு அசலாக ஆங்கிலத் துப்பாக்கி செய்வதில் சூரர்கள். ஆங்கிலம் தெரியாமல் எழுத்தைப் பார்த்து வெட்டியதால் சில எழுத்துக்கள் தலைகீழாக நிற்கும். சில இடவலம் மாறியிருக்கும். இன்னொரு வேடிக்கை: 'வி. ஆர்.' என்று வெட்டிவிட்டு அதன் கீழே 1907 என்று வருஷம் போட்டிருப்பார்கள். விக்டோரியா ராணி இறந்தது 1901 ஜனவரியில். செத்துப் போன ராணி ஆறு வருஷம் கழித்து எப்படி முத்திரை குத்துவாள்?

எல்லாம் சரி, தகட்டில் ஒன்றுமே இல்லையே என்றால்? பரளச்சி போன்ற ஊர்களில் பெரும்பாலும் அதுதான் நிலைமை. உள்ளூர்க் கொல்லர் அடித்த குழல், உள்ளூர்த் தச்சர் செதுக்கிய கட்டை. இதற்கு ஏலக் கம்பெனியில் மதிப்பில்லை. உழவர் வீட்டுச் சரித்திரத்தில் மதிப்பு உண்டு. ஆனால் அதை ரூபாயில் சொல்ல முடியாது. தரகர் இதற்கும் கோடி சொல்லுவார் என்பதுதான் விசேஷம்.

புளியும் செங்கல் பொடியும்

மதிப்பைக் குறைப்பது துரு மட்டுமல்ல; ஆசையும்தான். பழைய சாமான் கையில் கிடைத்ததும் நம் வீடுகளில் முதலில் செய்வது என்ன? குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியையும் செங்கல் பொடியையும் போட்டுத் தேய்ப்பது. அல்லது உப்புத்தாளை வைத்துப் பளபளவென்று சுரண்டுவது. கட்டைக்கு வார்னிஷ்! எல்லாம் முடிந்து மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கிற துப்பாக்கியைச் சேகரிப்பவர் பார்த்தால் தலையில் கை வைத்துக் கொள்வார்.

நூற்றைம்பது வருஷத்தில் இரும்பின் மேல் படிந்த பழுப்பு நிறம் அதற்கு ஒரு சட்டை. கட்டையில் ஆயுதசாலைக்காரன் குத்திய வட்ட முத்திரை மெல்லியது. உப்புத்தாள் இரண்டு தேய்ப்பில் அதை அழித்துவிடும். முத்திரை அழிந்தால் ருசு அழிந்தது. ஒரே வருஷத்து, ஒரே மாதிரி இரண்டு துப்பாக்கிகளில் ஒன்று தொடப்படாததாகவும் மற்றொன்று பளபளப்பாக்கியதாகவும் இருந்தால், பளபளப்பானது பாதி விலைக்குக்கூடப் போகாமலிருப்பது உண்டு.

பிறகு உறுப்புக்கள். மருந்து கெட்டிக்கும் இரும்புக்கோல் அதற்கே உரியதா, பின்னால் செருகிய கம்பியா? குறி பார்க்கும் தகடு இருக்கிறதா? குதிரை பழையதா, உள்ளூரில் அடித்து மாட்டியதா? பாகங்களில் எண் இருந்தால் எல்லாம் ஒரே எண்ணா? ஒவ்வொன்றுக்கும் விலை கூடும், குறையும்.

ஆனால் அப்பத்தாவின் எச்சரிக்கைக்கு வருவோம். வாய் வழிக் கெட்டிக்கிற துப்பாக்கியில் வெளியே பார்த்தால் மருந்து இருப்பது தெரியாது. கெட்டித்தவர் காலமாகி அறுபது வருஷம் ஆகியிருக்கலாம். கரிமருந்து ஈரம் படாமல் உள்ளே இருந்தால் அதற்கு வயதாவதில்லை. துருவை எடுக்கிறேன் என்று சுத்தியால் தட்டுவதும், அடுப்பில் காய்ச்சுவதும், குழல் வாயில் கண் வைத்துப் பார்ப்பதும் உயிரோடு விளையாடுவது. அறிந்தவர்கள் முதலில் கோலை உள்ளே விட்டு ஆழத்தை அளந்து, வெளியே குழல் நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நாலு விரற்கடை குறைந்தால் உள்ளே ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கோடி எங்கிருந்து வந்தது?

தரகர் சொன்ன கோடி முழுப் பொய்யும் அல்ல. அப்படி விற்றவை உண்டு. ஏன் விற்றன என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்தில் பெர்க்ஷயர் பகுதியில் ஒரு குடும்பத்தின் வீட்டுப் பரணில் பத்திரிகைத் தாளில் சுற்றிய சில பழஞ்சாமான்கள் கிடந்தன. அவற்றில் ஒன்று வெள்ளிப் பூண் போட்ட சக்கிமுக்கித் துப்பாக்கி. 2019 மார்ச்சில் ஏலத்துக்கு வந்து 60,000 ஸ்டெர்லிங் பவுனுக்குப் போயிற்று. நம் பணத்தில் ஐம்பது லட்சத்துக்கு மேல். காரணம், அது திப்பு சுல்தானுடையது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது கும்பினிப் பட்டாளத்திலிருந்த மேஜர் தாமஸ் ஹார்ட் என்பவர் சீமைக்குக் கொண்டு போன சாமான்களில் ஒன்று. அவர் வழியில் வந்த வீட்டிலேயே அது இருந்திருக்கிறது. பரண் பெர்க்ஷயரில் இருந்தால் என்ன, பரளச்சியில் இருந்தால் என்ன, விஷயம் ஒன்றுதான்: யாரிடமிருந்து யார் கைக்கு வந்தது என்ற சங்கிலி அறுபடாமலிருந்தது.

அதற்கும் மேலே ஒன்று. திப்புவுக்காக 1793-94-ல் ஆசத் கான் முகம்மது என்ற கைவினைஞர் செய்த வேட்டைத் துப்பாக்கி பின்னால் காரன்வாலிஸ் பிரபுவிடம் போய்ச் சேர்ந்தது. 2023-ல் அதன் மதிப்பு 20 லட்சம் பவுன் என்று போடப்பட்டது. ஏறக்குறைய 20 கோடி ரூபாய். அதை அந்நிய நாட்டுக்குக் கொண்டு போகாதபடி பிரிட்டிஷ் சர்க்கார் தற்காலிகத் தடை போட்டது. தங்கள் நாட்டுப் பொக்கிஷம் வெளியே போய்விடக் கூடாதாம்! மைசூரில் செய்த துப்பாக்கிக்கு லண்டனில் இந்தக் கவலை.

இந்த நாட்டுக் காட்டில் சுட்ட ரைபிள் ஒன்றின் கதையும் இதைப் போன்றதே. குமாவோன் மலையில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டின் பெயரைத் தெரியாதவர் குறைவு. 1907-ல் சம்பாவத் புலியைச் சுட்டதற்காக ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஹீவெட் அவருக்கு ரிக்பி கம்பெனியின் .275 ரைபிள் ஒன்றைப் பரிசளித்தார். கார்பெட் 1955-ல் காலமான பிறகு அது அவர் நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பதிப்பகத்தாரிடம் பல வருஷம் இருந்து, 2015-ல் செய்த கம்பெனிக்கே திரும்பிப் போயிற்று. அவருடைய இன்னொரு ரைபிள், ஜெஃப்ரி கம்பெனியின் இரட்டைக் குழல், அதே 2015-ல் அமெரிக்க ஏலத்தில் 2,64,500 டாலருக்குப் போயிற்று. ஜெஃப்ரி செய்த அதே மாதிரி ரைபிள்கள் எத்தனையோ உண்டு. அவற்றுக்கு இந்த விலையில் சொற்பமே கிடைக்கும். மிச்சம் முழுவதும் கார்பெட்டின் தோளுக்குக் கொடுத்த விலை.

நம் ஜமீன்தார்களும் சும்மா இருக்கவில்லை. ரிக்பி, ஹாலண்டு, பர்டி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்று சீமைத் துப்பாக்கிகளை ஆர்டர் கொடுத்து வாங்கினார்கள். சென்னை மவுண்ட் ரோடு பி. ஓர் அண்ட் சன்ஸ் பெயர் வெட்டிய துப்பாக்கிகளும் உண்டு. கடிகாரம் விற்ற அதே கடைதான். லண்டன் கம்பெனிகளின் பழைய கணக்குப் புத்தகங்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. எண்ணைச் சொல்லி எழுதினால், எந்த வருஷம், யாருக்காகச் செய்தது என்று பதில் வரும். ஒரு சமஸ்தானத்தின் பெயர் அந்தப் பதிலில் இருந்தால் துப்பாக்கியின் விலை அந்தக் கடிதத்தாலேயே ஏறிவிடும்.

விலை இறங்குவதும் உண்டு. 2003-ல் நேபாளத்தில் காட்மாண்டுவின் பழைய லகன் சிலேகானா அரண்மனையில் அடைந்து கிடந்த பல்லாயிரம் துப்பாக்கிகளை அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கிக் கப்பல் ஏற்றினார்கள். அதுவரை தேடித் திரிந்தாலும் கிடைக்காமலிருந்த மார்ட்டினி-ஹென்றி ரைபிள் திடீரென்று தபாலில் வாங்கும் சரக்காகிவிட்டது. அபூர்வம் என்பது நேற்று வரை அபூர்வம். நாளை எந்த அரண்மனைக் கதவு திறக்குமோ!

சாதாரணமான, முழு உறுப்புள்ள 1853 என்பீல்டு ஒன்று அமெரிக்காவில் ஆயிரம், இரண்டாயிரம் டாலர் அளவில் கைமாறுவது சகஜம். கோடி அல்ல, ஒரு நல்ல ஜோடி உழவு மாட்டு விலை, அவ்வளவுதான்.

சட்டம் வைத்த முடிச்சு

அந்த ஆயிரம் டாலராவது பரளச்சிக்கு வருமா என்றால், வராது. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

அமெரிக்காவில் 1898-ம் வருஷமோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கியை மத்தியச் சட்டம் துப்பாக்கியாகவே கருதுவதில்லை. இங்கிலாந்திலும் அலங்காரத்துக்காக வைத்திருக்கும் புராதனத் துப்பாக்கிக்குச் சலுகை உண்டு. இந்தியாவில் வயது மட்டும் காப்பாற்றாது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு, வழக்கொழிந்த மாதிரியோ புராதன மதிப்புள்ளதோ பழுதானதோ ஆன ஆயுதத்துக்கு விலக்குத் தருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் அது சுடவே முடியாததாக இருக்க வேண்டும்.

ரிப்பேர் செய்தாலும்! அந்தச் சொல்லில்தான் முடிச்சு. காம்பு உடைந்த கேப்புத் துப்பாக்கிக்கு எந்தக் கொல்லரும் ஒரு நாளில் காம்பு வைத்துவிடுவார். அப்படியானால் அது உயிருள்ள துப்பாக்கி. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது சிறைக் குற்றம். குழலை அடைத்து, துளையிட்டு, இனிச் சுடவே சுடாது என்று கொன்றுவிட்டால் சட்டம் விட்டுவிடும். ஆனால் சேகரிப்பவர் விடமாட்டார். அவருக்கு வேண்டியது கை படாத பழம்பொருள். சட்டத்துக்கு ஏற்ற துப்பாக்கிக்கு விலை இல்லை. விலையுள்ள துப்பாக்கிக்குச் சட்டம் இல்லை. மனைக்கட்டு விற்பவன் நிலை இவன் நிலைக்கு எவ்வளவோ மேல்.

வெளிநாட்டுக்கு அனுப்பலாமே என்றால், 1972-ம் வருஷத்துப் புராதனப் பொருள் சட்டம் குறுக்கே நிற்கிறது. நூறு வயது கடந்த சரித்திரப் பொருளைத் தனி மனிதர் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. "சீமையிலே கோடிக்குப் போகும்" என்ற தரகரின் வார்த்தை அந்த இடத்திலேயே உளுத்துப் போகிறது. வலம்புரிச் சங்கு, மண்ணுளிப் பாம்பு, இரிடியம் கலசம் என்று ஊர் ஊராகப் பணம் பறித்த கூட்டத்தின் பாட்டும் இதே ராகம்தான்: பொருளுக்கு விலை கோடி, சோதனைக்கு மட்டும் முன்பணம்.

.303 பட்டாளத்து ரைபிள் என்றால் கதையே வேறு. அது பொதுஜனங்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். மத்திய சர்க்கார் அனுமதி வேண்டும். 2019-ம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்துக் கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் இரண்டே. பாட்டன் சொத்தாக வந்தாலும் அந்த எண்ணிக்கை மாறாது.

பின் என்னதான் செய்வது? பெரும்பாலான குடும்பங்கள் பயத்தில் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. மறுபடியும் சாக்கில் சுற்றி மச்சில் ஏற்றுகின்றன. அல்லது இரவோடு இரவாகக் கிணற்றில் போடுகின்றன. முதலாவது குற்றத்தைப் பேரனுக்கும் எழுதி வைப்பது. இரண்டாவது தஞ்சாவூர்க் கூத்தின் மறுபதிப்பு.

சட்டம் மூன்றாவது வழியையும் வைத்திருக்கிறது. வைத்திருக்கும் உரிமை இல்லாத ஆயுதம் கைக்கு வந்தால் தாமதமின்றிப் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக் கொள்ளலாம். ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்ற முறையில் கலெக்டருக்கு லைசென்ஸ் கேட்டு மனுப் போடலாம். வெள்ளாமைப் பாதுகாப்புக்காக வாய் வழிக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தருவதைச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. காட்டுப்பன்றி பரளச்சிப் பக்கத்து உழவருக்குப் புதிதல்லவே. லைசென்ஸ் உள்ளவர் விற்க நினைத்தால், வாங்குகிறவருக்கும் தகுதி இருக்க வேண்டும். அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழித்தே கை மாற்ற வேண்டும். இப்படி உள்நாட்டில் கிடைக்கும் விலை சொற்பம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறித்த காலத்துக்குள் மனுப் போடாவிட்டால் ஒப்படைத்த ஆயுதம் சர்க்காருக்குப் போய்விடும். அதனால் ரசீதைத் தொலைக்கக் கூடாது.

தகரப் பெட்டியிலிருந்த நோட்டு

மறுபடி பரளச்சி வீட்டுக்கு வருவோம். தரகர் போய்விட்டார். துப்பாக்கி சாக்கோடு திண்ணையில் கிடக்கிறது. ஸ்டேஷனுக்கு யார் கொண்டு போவது என்று சித்தப்பாவுக்கும் அண்ணனுக்கும் வாக்குவாதம். படம் அனுப்பிய பேரப் பிள்ளை இப்போது பேசாமல் நிற்கிறான்.

"லைசென்சு நோட்டு ஒண்ணு இருந்துச்சேப்பா. வருசா வருசம் ராமநாதபுரம் ஜில்லாவுக்கு எழுதி முத்திரை வாங்கிட்டு வருவாரு உங்க பாட்டனாரு. எலக்சன் வந்தா டேசன்லே கொண்டு போய் ஒப்படைப்பாரு, முடிஞ்சதும் தோள்லே போட்டுக்கிட்டு வருவாரு" என்கிறார் அப்பத்தா.

1985-ல் விருதுநகர் தனி ஜில்லாவாகப் பிரிவதற்கு முன் இந்தப் பகுதி ராமநாதபுரம் ஜில்லாவில்தானே இருந்தது. அப்படிப்பட்ட நோட்டு கிடைத்தால் அதில் துப்பாக்கியின் வகை இருக்கும், அடையாளம் இருக்கும், யாருக்கு, எதற்காக என்பது இருக்கும். பாட்டனார் கள்ளத் துப்பாக்கி வைத்திருக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. வாரிசு மனுவுக்கு அதுவே ஆதாரம். என்றைக்காவது ஒரு மியூசியம் கேட்டாலும், முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

"எங்கே அப்பத்தா இருக்கு?"

"பத்திரமெல்லாம் வச்சிருந்த தகரப் பெட்டியிலே. அதைத்தானே காலையிலே பழைய இரும்புக்காரருக்குப் போட்டீங்க?"

பேரப் பிள்ளை சைக்கிளை எடுத்துக் கொண்டு இரும்புக் கடையை நோக்கிப் பறக்கிறான்.